மலைக்கு உதவ வருகிறவர்களுக்கு: நீலகிரி நிவாரணப் பணியில் வெளியூர்க்காரர் சேர்ந்து வேலை செய்வது எப்படி

மழைக்காலத்தில் நீலகிரியில் எங்காவது மண் சரிந்தது என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் கோவை, மதுரை, சென்னை, மலப்புறம், மைசூரு எனப் பல பக்கங்களில் இருந்து அழைப்பு வரும். "அண்ணா, நாங்க பத்துப் பேர் கிளம்பறோம், எங்க வரணும்?" அப்படிக் கேட்கும் நல்ல உள்ளங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் நின்றிருப்பீர்கள். 2015-ல் சென்னையில் இடுப்பளவுத் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்திருப்பீர்கள். 2018-ல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் போயிருப்பீர்கள். அந்த அனுபவம் எல்லாம் இங்கே வேண்டும். ஆனால் மலை வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு உள்ளூர்க்காரரின் கண்ணும் உங்கள் கையும் சேர்ந்தால்தான் இங்கே வேலை நடக்கும். அந்தச் சேர்க்கையை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் போன், அப்புறம் பயணம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே வர குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு சாலைகள்தான். 1993 நவம்பரில் மரப்பாலம் பகுதியில் மலை சரிந்தபோது குன்னூர்ச் சாலையே அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கங்களில் ஏற்பட்ட சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலையோடு ரயில் பாதையும் பல இடங்களில் துண்டானது. அப்படிப்பட்ட நாளில் மிச்சம் இருக்கும் ஒரு வழியில்தான் ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஜேசிபி வர வேண்டும், அரக்கோணத்தில் இருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வர வேண்டும். கொண்டை ஊசி வளைவில் உங்கள் வேன் சிக்கி நின்றால் அவர்களும் நிற்பார்கள்.

அதனால் கிளம்பும் முன் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையான 1077-க்குப் பேசுங்கள். கிடைக்காவிட்டால் மாநில அறை 1070. எந்தத் தாலுகாவில் ஆள் வேண்டும், என்ன வேலைக்கு வேண்டும், யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். "இப்போது வேண்டாம், நான்கு நாள் கழித்து வாருங்கள்" என்று பதில் வந்தால் மனம் வருந்தாதீர்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் அலைமோதும். ஆறாம் நாள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுச் சேற்றை அள்ளிப்போட ஆள் இருக்காது. அன்று வருகிறவர்தான் உண்மையில் அதிகம் உதவுகிறவர்.

பருவத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைத் தாக்கும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம் அது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது குன்னூரும் கோத்தகிரியும்தான் பாடுபடும். ஒரே மாவட்டம் என்றாலும் கோத்தகிரியில் வேலை செய்தவருக்குப் பந்தலூர் புதிய ஊர்தான். ஆகவே "நான் நீலகிரிக்கு ஏற்கெனவே வந்திருக்கிறேன்" என்று சொல்லி உள்ளூர்த் துணையைத் தவிர்க்க வேண்டாம்.

மூட்டை முடிச்சு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கம்பளி, இரண்டு மாற்றுத் துணி, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், ஒரு விசில், அட்டைப்பூச்சிக்கு உப்பு. தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டது என்றால் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சேலை, சட்டை மூட்டைகள் வேண்டாம். நனைந்து நாறிப்போய் முகாமின் ஒரு அறையை அடைத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை லாரி நிறைய ஏற்றி வந்து பர்லியாறு, குஞ்சப்பனை, நாடுகாணி சோதனைச் சாவடிகளில் சண்டை போடாதீர்கள். இருபது லிட்டர் கேன், எவர்சில்வர் தட்டு, டம்ளர் என்று கொண்டு வாருங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. நிவாரண வண்டிதானே என்று நினைக்காமல் அதையும் எடுத்து வைத்துக்கொண்டால் சாவடியில் நேரம் மிச்சம்.

இறங்கியதும்: பதிவேடு, அப்புறம் ஜோடி

முகாம் பெரும்பாலும் ஒரு அரசுப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ இருக்கும். போனவுடன் வேலையில் குதிக்காமல் பொறுப்பாளரிடம் பெயர், ஊர், ரத்த வகை, வீட்டு எண், தெரிந்த மொழிகள், தெரிந்த வேலை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். மரம் அறுக்கத் தெரியும், ஒயரிங் தெரியும், இருநூறு பேருக்குச் சமைக்கத் தெரியும், செவிலியர் படிப்பு முடித்திருக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "எது வேணும்னாலும் செய்வேன்" என்பது நல்ல குணம்தான், ஆனால் பொறுப்பாளருக்கு அதை வைத்து யாரை எங்கே அனுப்புவது என்று தெரியாது.

அடுத்தது ஜோடி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இருந்து வந்த பத்துப் பேர் ஒரே குழுவாக நிற்கக் கூடாது. ஒவ்வொரு வெளியூர்க்காரருக்கும் ஒரு உள்ளூர்க்காரர் ஜோடி. மதுரைக்காரருக்கு எடப்பள்ளிக்காரர், சென்னைக்காரருக்குத் தேவாலாக்காரர் என்று பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். முதலில் கசக்கும். நண்பர்களோடு வந்தோம், நண்பர்களோடு வேலை செய்தால் என்ன என்று தோன்றும். ஆனால் உங்கள் நண்பர்கள் பத்துப் பேருக்கும் ஒரே அறிவு, ஒரே அறியாமை. எதிரே உள்ள மேடு நேற்று எப்படி இருந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்குள் நீரூற்று எங்கே ஓடும், எந்தக் குறுக்குப்பாதையில் சாயங்காலம் யானை வரும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

உள்ளூர்க்காரருக்கும் நீங்கள் தேவை. அவர் வீட்டுச் சுவரும் இடிந்திருக்கலாம், சொந்தக்காரர் யாராவது மண்ணுக்குள் போயிருக்கலாம். இரண்டு நாள் தூங்காமல் நிற்பார். "நீங்க கொஞ்சம் உட்காருங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல அந்தத் துயரம் தொடாத ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். ஜோடி என்றால் சேர்ந்தே போவது, சேர்ந்தே திரும்புவது, சேர்ந்தே சாப்பிடுவது. ஒருவர் கழிப்பறைக்குப் போனால்கூட மற்றவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

உடம்பைக் கவனிப்பதும் ஜோடியின் வேலை. சமவெளியில் இருந்து வந்தவருக்கு நனைந்த துணியோடு காற்றில் நிற்கும் ஆபத்து தெரியாது. உடல் வெப்பம் இறங்க ஆரம்பித்தால் முதலில் நடுக்கம் வரும், அப்புறம் பேச்சு குழறும், பட்டன் போட விரல் தடுமாறும். பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்வார். அப்போது ஜோடி அவர் சொல்வதைக் கேட்காமல் உள்ளே இழுத்துப் போய், ஈரத்தை மாற்றி, கம்பளி சுற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தடுப்பு மாத்திரை தேவையா என்று முகாம் மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள். ஊருக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தால் வெள்ளச் சேற்றில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லை தாண்டி உதவுவது இந்த மலைக்குப் புதிதல்ல. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தபோது, கூடலூர் பக்கத்தில் இருந்து உதவிக்கு ஓடினார்கள். செவிலியர் சபீனா ஆற்றுக்கு மேலே கட்டிய கம்பிவடத்தில் தொங்கியபடி மறுகரைக்குப் போய் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்தார். தமிழக அரசு அவருக்கு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அதே ஆற்றின் மேல் ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் 190 அடி நீளத்தில், இரும்புச் சட்டங்களைக் கோத்து அமைக்கும் பெய்லி பாலம் கட்டியது. அந்தச் செவிலியர் தனியாகப் போய்விடவில்லை. வடத்தைக் கட்டியவர்கள், அவரை மாட்டிவிட்டவர்கள், மறுகரையில் பிடித்து இறக்கியவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். முடிச்சுப் போட்ட ஆளை நம்பித்தான் தொங்க வேண்டியிருந்தது. நிவாரணப் பணியில் தோழமை என்று நான் சொல்வது இந்த நம்பிக்கையைத்தான்.

மொழி தெரியாவிட்டால் விசில்

கூடலூர் முகாமில் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் ஒரே வரிசையில் ஒலிக்கும். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழ், படுகர் வீட்டில் படுக மொழி, பணியர் பழங்குடிக் குடியிருப்பில் அவர்கள் மொழி. தேயிலைத் தொழிற்சாலைகளில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் உண்டு. இவர்களைத்தான் நிவாரணப் பட்டியலில் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் குழுவில் இந்தி தெரிந்தவர் இருந்தால் பொறுப்பாளரிடம் அதை முதலில் சொல்லுங்கள், அவருக்கு வேலை நிச்சயம்.

பேச்சுக்கு மொழிபெயர்க்க யாராவது கிடைப்பார்கள். ஆபத்து நேரத்தில் அதற்கு அவகாசம் இருக்காது. மீட்புக் குழுக்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மூன்று ஒலிக்குறிகள் இருக்கின்றன. காலையில் வேலைக்கு இறங்கும் முன் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை ஊதிப் பாருங்கள்.

ஒரு நொடி அளவில் மூன்று குட்டை விசில், திரும்பத் திரும்ப: எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியேறு.
மூன்று நொடிக்கு ஒரே நீளமான விசில்: வேலையை நிறுத்து, சத்தம் போடாதே. இடிபாட்டுக்குள் குரல் கேட்கிறதா என்று கவனிக்கும் நேரம் இது.
ஒரு நீளம், ஒரு குட்டை: வேலையைத் தொடரலாம்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அப்போதே காட்டிவிட வேண்டும். சரிவின் கீழே நேராக ஓடக் கூடாது. பக்கவாட்டில், உறுதியான மேட்டுக்கு. அந்த இடம் எது என்பதை உள்ளூர் ஜோடி கையால் காட்டட்டும்.

சரிவில் நிற்கும்போது

உள்ளே புதைந்தவரை எடுப்பது தீயணைப்புத் துறையும் மீட்புப் படையும் செய்யும் வேலை. அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள். நமக்கு வருவது பெரும்பாலும் பாதை சீராக்குவது, சேறு அள்ளுவது, பொருள் சுமப்பது, பெரியவர்களை முகாமுக்குத் தூக்கி வருவது.

வெள்ளம் பார்த்தவருக்குத் தண்ணீர் வடிந்தால் ஆபத்து குறைந்த மாதிரி. மலையில் அப்படி நினைக்கவே கூடாது. மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் இறங்கிய நீர் கனமாக உட்கார்ந்திருக்கும். வயநாட்டில் அந்த இரவு ஒரு முறையோடு நிற்காமல் மறுபடியும் சரிந்தது. அதனால் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மண்வெட்டியைத் தொடாமல் மேலே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், விசிலோடு. அவர் கட்டாயம் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். புதிதாக வந்தது எது, முன்பே இருந்தது எது என்று அவரால்தான் சொல்ல முடியும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகிப் போன கதவு, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக ஓடிய ஓடை கலங்குவது, அல்லது மழை பெய்யும்போதே ஓடையில் நீர் குறைவது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பப் பயங்கரம், மேலே எங்கோ மண் அடைத்து நீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

சாலை போடவும் வீடு கட்டவும் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் அடியில் நின்று டீ குடிக்காதீர்கள், வண்டி நிறுத்தாதீர்கள். உள்ளூர் அம்மா ஒருவர் "அங்க நிக்காதீங்க தம்பி" என்றால் ஏன் என்று கேட்காமல் முதலில் நகருங்கள். காரணத்தை நகர்ந்த பிறகு கேட்கலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருட்டின பிறகு நடந்து போவது கூடாது. யானை நடமாட்டம் உள்ள இடம் அது. வனத்துறைக்காரர் சொல்லும் நேரத்துக்கு முகாம் திரும்பிவிட வேண்டும்.

சமையற்கட்டு

ஊர் ஊராக வந்தவர்கள் ஒன்றாகும் இடம் சமையற்கட்டுதான். சரிவில் வேலை இல்லாத எல்லோரும் ஒரு வேளையாவது வெங்காயம் உரிக்கப் போங்கள். உரிக்கும் அரை மணி நேரத்தில் பெயர் தெரியும், ஊர் தெரியும், யார் வீட்டில் என்ன ஆனது என்று தெரியும்.

சமைக்க வருகிறவர்களுக்கு ஒரு விவரம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திருப்பூரில் கல்யாணச் சமையல் செய்தவர் அதே கணக்கில் உலை வைத்தால் அரிசி நறுக்கென்று நிற்கும், பருப்பு வேகவே வேகாது. அரிசியை முன்கூட்டியே ஊறவைத்து, பருப்பைக் குக்கரில் வைத்து, பரிமாறும் நேரத்தைத் தள்ளிக் கணக்கிடுங்கள். ஒரு உள்ளூர் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. குடிநீரைக் காய்ச்சும்போது கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள்.

கேரளத்துத் தோழர்களுக்கு மட்டை அரிசி, நமக்குப் பொன்னி, இன்னொருவருக்குச் சப்பாத்தி. மூன்றையும் தனித்தனியாகச் செய்ய முடியாது. ஒரு வேளை ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முகாமில் இருக்கும் மக்கள் சாப்பிட்ட பிறகுதான் தன்னார்வலர் சாப்பிட வேண்டும், அதே சாப்பாட்டை, அதே தட்டில். தன்னார்வலருக்கு மட்டும் ஓட்டலில் இருந்து பிரியாணி வந்தால் அன்றோடு முகாமில் உங்கள் மரியாதை போய்விடும்.

மக்கள் வீட்டு வாசலில்

தோட்டத்து லைன் வீடுகளில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும்தான் இருக்கும். சேறு அள்ளும்போது எதையும் குப்பை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், கல்யாணப் போட்டோ எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். வீட்டுக்காரர் பார்த்து "போடுங்க" என்று சொன்ன பிறகு போடுங்கள். பெரியவர்களை அய்யா, அம்மா என்றே கூப்பிடுங்கள். கூடலூரில் சேட்டா, சேச்சி என்றாலும் முகம் மலரும். படுகர் ஊரான ஹட்டியில் வேலை தொடங்கும் முன் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோடர் குடியிருப்பான மந்தில் கோயில் இருக்கும் பக்கம் கேட்காமல் போகக் கூடாது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் அறைக்குப் பெண் தன்னார்வலர் மட்டும். அழுகிறவரைப் போட்டோ எடுப்பதை யார் செய்தாலும் ஜோடி தடுக்கலாம், தடுக்க வேண்டும்.

உரசல் வரும்

வராது என்று சொன்னால் பொய். மூன்றாம் நாள் தூக்கம் இல்லாமல், ஈரச் சாக்ஸோடு, எல்லோருக்கும் பொறுமை போகும். அதிகம் வெடிப்பது இரண்டு விஷயங்களில். ஒன்று, யார் பேனர். அமைப்பின் பெயரும் கட்சிக் கொடியும் கட்டிய வண்டியில் இருந்து அரிசி இறங்கினால், அடுத்த அமைப்புக்காரர் தன் மூட்டையைத் தனியாக வைப்பார். ஒரே தெருவுக்கு நாலு முறை பிஸ்கட் போகும், மேல் தெருவுக்கு ஒன்றும் போகாது. வந்த பொருள் எல்லாம் ஒரே பதிவேட்டில் ஏறி ஒரே குவியலில் சேர வேண்டும். டீஷர்ட்டில் பெயர் இருந்தால் அதன் மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டால் போயிற்று.

இன்னொன்று, "எங்க ஊர்ல இப்படித்தான் செஞ்சோம்." இதைச் சொல்லாதீர்கள். "இப்படிச் செய்து பார்க்கலாமா?" என்று ஜோடியிடம் கேளுங்கள். நல்ல யோசனை என்றால் அவரே பொறுப்பாளரிடம் எடுத்துப் போவார், நீங்கள் சொல்வதைவிட எடுபடும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கால் மணி நேரம் பேசுங்கள். இன்று என்ன முடிந்தது, நாளை என்ன, யாருக்கு உடம்பு சரியில்லை. இறந்தவரைப் பார்க்க நேர்ந்தவர், குழந்தையின் செருப்பைக் கையில் எடுத்தவர், பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். சும்மா தேற்றுவதற்காக "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், ஓயாமல் வேலை கேட்டுக்கொண்டே இருந்தால் அவரை மறுநாள் சரிவுக்கு அனுப்பாமல் சமையற்கட்டுக்கோ பதிவேட்டுக்கோ மாற்றச் சொல்லுங்கள்.

கிளம்பும்போதும், அப்புறமும்

சொல்லாமல் போய்விடாதீர்கள். உங்கள் கையில் இருந்த வேலையை அடுத்து வந்தவருக்கு நேரில் காட்டிக் கொடுங்கள்: எந்த வீடு முடிந்தது, எந்தப் பாட்டிக்கு எந்த மாத்திரை, எந்தக் குடும்பத்துக்கு இன்னும் கம்பளி வரவில்லை. பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதுங்கள். எழுதாமல் போனால் இரவில் உங்களைத் தேடி ஆள் போகும்.

அடுத்த புயல் உங்கள் கரைக்கு வரும்போது நாங்கள் இறங்கி வருவோம். அங்கே கடலும் ஆற்று வெள்ளமும் எங்களுக்குத் தெரியாது. அப்போது மேலே பார்க்கும் விசில்காரர் நீங்கள், மூட்டை சுமப்பவர் நாங்கள். அதற்காகவே இந்த ஜோடிப் பழக்கம் நிவாரணத்தோடு முடியாமல் இருக்க வேண்டும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒரு முறை ஜோடிக்கு போன் செய்யுங்கள். அவர் வீட்டுக்கு மேலே மண் எப்படி இருக்கிறது, சாக்கடை தூர்ந்திருக்கிறதா, உங்கள் தெருவில் கால்வாய் எப்படி என்று பேசிக்கொள்ளுங்கள். ஜோடியின் எண்ணோடு அவர் வீட்டில் இன்னொருவருடைய எண்ணையும், முடிந்தால் வேறு கம்பெனி சிம்மாகப் பார்த்து, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலத்த மழையில் ஒரு டவர் போனாலும் இன்னொன்று எடுக்கும்.